ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறது. அன்றைக்கு மட்டும் விழுப்புரம் மாவட்டத்து மருத்துவச்சிகள் எல்லாரும் ஊர் ஊராக ஓடிப் பிரசவம் பார்த்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துவரும் அப்பாவுக்குத் தேதி தெரியாது. "மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தாங்க சார், அப்பதான் வலி எடுத்துச்சு" என்பார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் அந்த வருடத்திலிருந்து ஐந்தைக் கழித்து ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று என் அம்மா சத்தியம் செய்கிறார். சான்றிதழ்ப்படி நானும் ஜூன் ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் அன்று காலை வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். நானும் நன்றி என்று பதில் போடுவேன்.

இதை ரொம்ப நாள் நான் தமாஷாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்தத் தேதியைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையில் கடன் அதிகாரி. குடியிருப்பது விழுப்புரம். தினமும் காலை ரயிலில் போய், இரவு கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்புகிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தி. கடன் கேட்டு வருகிறவர் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. ஏறக்குறைய ஜோசியம். ஆனால் ஜோசியம் பொய்த்தால் ஜோசியருக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மேலாளர் இருந்தார். யார் கடன் கேட்டு வந்தாலும் அவருடைய முதல் கேள்வி "எந்தத் தெரு?" என்பதுதான். தெருவைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆள் யாரென்று தெரிந்ததும் கடன் உண்டா இல்லையா என்பதும் அவர் மனதில் முடிவாகிவிடும். அவரோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. அதனால்தான் கணினியில் கிரெடிட் ஸ்கோர் பார்க்கிற வழக்கம் வந்தபோது எங்கள் கிளையிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான். இயந்திரம் தெருவைக் கேட்காது, முகத்தைப் பார்க்காது, வாங்கியதை ஒழுங்காகக் கட்டினாயா என்று மட்டும் பார்க்கும். பழைய காலம்தான் நல்ல காலம் என்று பேசுகிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அந்த மேலாளர் முன்னால் அவர்கள் ஒரு நாள் கைகட்டி நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கோர் என்பது முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரைக்கும் ஓர் எண். நாடு முழுக்க எந்த வங்கியில், எந்தக் குழுவில் கடன் வாங்கினாலும் அது ஓரிடத்தில் பதிவாகி, அந்தப் பதிவிலிருந்து இந்த எண் வரும். அதோடு வயது, தொழில், வீடு சொந்தமா வாடகையா, ஊரின் பின்கோடு எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் வங்கியின் கணினி ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் ஆபத்து குறைவு, கொடுக்கலாம். மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் கிளையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் மண்டல அலுவலகத்துக்கு ஓட வேண்டும்.

போன தை மாதக் கடைசியில் ஓர் அம்மா வந்தார். திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகிற வழியில் ஒரு கிராமம். விவசாயிகளிடம் மல்லாட்டை வாங்கிக் காயவைத்து, வாடகை மெஷினில் உடைத்து, பருப்பை எண்ணெய்ச் செக்குக்காரர்களுக்குப் போடுகிறவர். வயது நாற்பதுக்கு மேல். உட்காருங்கள் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

"மல்லாட்டை ஒடைக்கிற மெஷினு ஒண்ணு வெலைக்கி வருது மேடம். பழசுதான், ஆனா நல்லா ஓடுது. மூணு லட்சம் சொல்றாரு. ஒரு லட்சம் நான் வெச்சிக்கினு கீறேன். ரெண்டு லட்சம் நீங்க குடுங்க. மாசி முடியறதுக்குள்ள மீதிய குடுக்கலன்னா வேற ஆளுக்குத் தள்ளிடுவேன்னு சொல்லிட்டாரு."

"நாங்க தரலைன்னா?"

"வீட்டுப் பத்திரத்த கொண்டுபோயி ஃபைனான்சுக்காரங்கிட்ட வெக்கணும். நூத்துக்கு அஞ்சு வட்டி. அந்தாளு ரொம்ப நாளா எங்க வூட்டு மேல கண்ணு வெச்சிக்கினு கீறான், ரோட்டோரம் இல்ல? அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

நான் போய்ப் பார்த்தேன். ஓட்டு வீடு, முன்னால் களம், களம் நிறைய மல்லாட்டை. சாக்கு எடுக்க வந்த வண்டிக்காரரிடமும் எதிர்வீட்டுக்காரரிடமும் விசாரித்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வாய் நீளம், கை சுத்தம். எங்கள் கிளையிலேயே அவர் இரண்டு தடவை நகைக்கடனும் ஒரு குழுக்கடனும் வாங்கித் தவணை தவறாமல் கட்டியிருந்தார். இதுபோல விண்ணப்பம் வருடத்துக்கு நான்கு வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே கணினியில் பெயரைப் போட்டேன்.

சிவப்பு. ஸ்கோர் ஐந்நூற்று நாற்பதைக்கூடத் தொடவில்லை. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கிற மூன்று கம்பெனிகளில் வாங்கி மூன்றையும் கட்டவில்லை. ஒன்றை வசூலாகாது என்று கம்பெனியே கைகழுவிவிட்டது.

மறுநாள் அவரை வரவழைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது, அன்று நான் பேசிய பேச்சு. பத்தொன்பது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நான் வாங்கவே இல்லீங்க" என்று சொல்கிற நூறு பேரைப் பார்த்துவிட்ட திமிர். "மூணு எடத்துல வாங்கி ஏமாத்திட்டு எங்ககிட்டயும் வந்து நிக்கிறீங்களேம்மா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று கேட்டேன். அந்த அம்மா கத்தவில்லை. கண் மட்டும் சிவந்தது. அந்தக் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். எல்லாம் ஆங்கிலம். பெயரும் தேதியும் மட்டும் புரிந்திருக்கும். அதில் இருந்த விலாசத்தை நான் படித்துச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"இது ஏரிக்கரைத் தெரு மேடம். நான் மேட்டுத் தெரு. இது நானில்ல. இது அவ."

"எவ?"

"எம்பேருக்காரி. எங்கூட ஒண்ணாவதுல குந்திக்கினு இருந்தவ."

அப்புறம்தான் விளங்கியது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண் பிறந்தால் திருவக்கரை அம்மன் பெயரை வைப்பது வழக்கம். தெருவுக்கு இரண்டு பேர் அதே பெயரில் இருப்பார்கள். இரண்டு பேருடைய அப்பா பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் இனிஷியலும் ஒன்று. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அந்த ஓர் எழுத்துதான் வால். இரண்டு பேரும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தார்கள். தலைமையாசிரியர் இருவருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதினார். ஆகப் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, ஊர் ஒன்று, பின்கோடு ஒன்று. ஊரில் யாருக்கும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. மேட்டுத் தெருக்காரி, ஏரிக்கரைக்காரி, அவ்வளவுதான். தெருவைக் கேட்காத இயந்திரம் என்று நான் கொண்டாடிய இயந்திரம் தெருவைக் கேட்காமல் இரண்டு பேரையும் ஒருத்தியாக்கிவிட்டது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் என்று கொதித்துக்கொண்டு விழுப்புரம் போனேன். மண்டல அலுவலகத்தில் கடன் ஆபத்துப் பிரிவைப் பார்க்கிற அதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சுறுசுறுப்பானவர், மரியாதையானவர், அவருடைய மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மேடம், மாடல் தப்பு பண்ணாது. டேட்டாதான் தப்பு பண்ணும். நீங்க ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெயின்ட் போடுங்க. முப்பது நாள்ல பாப்பாங்க."

"முப்பது நாள்ல மாசி போயிடும் சார். அந்தம்மா வீட்டை அடமானம் வெச்சிடுவாங்க."

"அது மாடலுக்குத் தெரியாதுல்ல மேடம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். நான் அப்படியே எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்ட் பறந்திருக்கும்.

புகாரைப் போட்டேன். பத்தாம் நாள் ஸ்கோர் போடுகிற நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. "உங்கள் வங்கி அளித்த அடையாள எண் மற்ற நிறுவனங்கள் அளித்த எண்ணோடு ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே நபர். மாற்றம் தேவையில்லை." நான்கு தடவை படித்தேன். நாங்கள் எப்படி இன்னொருத்தியின் எண்ணை அளித்திருக்க முடியும்?

நாளை எண்ணிக்கொண்டிருந்த மல்லாட்டைக்கார அம்மா, "அவளையே போயி கேட்டுக்கலாம் வாங்க மேடம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஏரிக்கரைக்காரி இப்போது பொம்மையார்பாளையத்தில் இருக்கிறார். புருஷன் கடல் தொழில், அவர் கடற்கரை ஓரத்து விடுதி ஒன்றில் அறை கூட்டித் துடைக்கிறார். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் முதலில் வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து உள்ளே போகப் பார்த்தார். பள்ளித் தோழியை அடையாளம் தெரிந்ததும் நின்றார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் பிள்ளைகளைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசினார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப என் கடன் எல்லாம் இவ பேர்ல போயிட்ச்சா? நான் கட்ட வேணாமா?"

"அடிப்பாவி!" என்றார் மல்லாட்டைக்கார அம்மா.

"இல்லடி, சும்மா கேட்டேன். எங்க வூட்டுக்காரரு போட்டு ரிப்பேராயி எட்டு மாசம் கரையில கெடந்துச்சு. எங்க அம்மா வூட்டு விலாசத்த குடுத்துதான் அந்த லோனுங்கள வாங்கனேன். வட்டிக்கு வட்டின்னு ஏறிப்போச்சு, கட்ட முடியல. உன்ன வந்து இப்டி மாட்டி வுடும்னு எனக்கு இன்னாடி தெரியும்?" என்று சொல்லிவிட்டு, நான் கேட்டதும் உள்ளே போய் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து கொடுத்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஏமாற்றுக்காரி என்று நான் கற்பனை செய்துவைத்திருந்த ஆள் எங்கள் இரண்டு பேருக்கும் வறுத்த மீன் வைத்துச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

திங்கட்கிழமை கிளையில் அந்த எண்ணை எங்கள் கணினியோடு ஒப்பிட்டேன். மல்லாட்டைக்கார அம்மாவின் கணக்கில் எங்கள் வங்கி ஏற்றிவைத்திருந்தது ஏரிக்கரைக்காரியின் வாக்காளர் அட்டை எண். அந்த எண்ணோடுதான் அவருடைய நகைக்கடனையும் குழுக்கடனையும் நாங்கள் ஸ்கோர் நிறுவனத்துக்கு அறிவித்திருக்கிறோம். அங்கிருந்துதான் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். இதை ஏற்றிய மடையன் எவன் என்று கேட்டுக்கொண்டே பழைய காகிதங்கள் இருக்கிற அறைக்குப் போனேன். தூசு, பல்லி, எறும்பு. ஒன்றரை மணி நேரம் தேடி அந்தக் கணக்குத் தொடங்கிய படிவத்தை எடுத்தேன். படம் மேட்டுத் தெரு அம்மாவுடையது, கையெழுத்தும் அவருடையது. பின்னால் குத்தியிருந்த ஜெராக்ஸ் ஏரிக்கரைக்காரியுடையது. அடியில் சரிபார்த்தவர் கையெழுத்து, பணியாளர் எண்.

என் கையெழுத்து. என் எண்.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பள்ளி வராந்தாவில் கணக்குத் தொடங்கும் முகாம் நடத்தினோம். ஒரே நாளில் முந்நூறு கணக்கு என்று மேலிடத்து உத்தரவு. கூட்டம் மேஜைமேல் ஏறாத குறை. பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் கை தூக்குவார்கள். யார் காகிதம் யாருடையது என்று பார்க்காமல் குத்தி அடுக்கினோம், மாலையில் எண்களைத் தட்டி ஏற்றினோம். பிறந்த தேதி இல்லாதவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று போட்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது. சிரித்துக்கொண்டே போட்டோம். தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு இனி என்ன தகுதி இருக்கிறது? அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து என்னை நானே திட்டினேன், கெட்ட வார்த்தையும் சேர்த்து.

அன்று மாலையே மேட்டுத் தெரு அம்மாவை வரச்சொல்லி உண்மையைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப தப்பு நீங்க பண்ணிட்டு, என்ன பாத்துப் பொய் சொல்றன்னீங்களா மேடம்?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு இன்னாத்துக்கு மேடம்? அத வெச்சிக்கினு மெஷினு வாங்க முடியுமா? மாசி முடிய இன்னும் பதினோரு நாளு கீது. ஜல்தி பண்ணிக் குடுங்க."

அந்தப் பதினோரு நாளை நான் மறக்க மாட்டேன். வங்கியின் தவறு என்று வங்கியே எழுதிக்கொடுத்தால் சீக்கிரம் திருத்துவார்கள் என்று தெரிந்தது. எங்கள் மேலாளர் நல்ல மனிதர், ஆனால் ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கிற மனிதர். "தட்டச்சுப் பிழைன்னு மொட்டையா போடுங்க மேடம், யார் பண்ணாங்கன்னு எதுக்கு?" என்றார். அப்படிப் போட்டு அனுப்பினோம். யார் செய்த பிழை என்று கேட்டு விழுப்புரத்திலிருந்து திரும்பி வந்தது. என் எண்ணைப் போட்டு அனுப்பினேன். அசல் படிவம் வேண்டும் என்று திரும்பி வந்தது. அசலை நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன். இரண்டு பெண்களும் வேறு வேறு ஆள் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிற இரண்டு பேர் இரண்டு பேர்தான் என்று சான்று! அதையும் வாங்கினோம். தாலுகா அலுவலகத்தில் இருந்த எழுத்தர், "இப்படி ஒரு சான்றிதழ் எங்ககிட்ட இல்லையே மேடம், எந்தப் படிவத்துல எழுதறது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

எல்லாவற்றையும் விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது. கவனக்குறைவுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எனக்கு மெமோ. திருத்தத்துக்கு ஆறு வாரம் பிடிக்கிற அலுவலகத்துக்கு மெமோவுக்கு ஒரு நாள் போதும்.

தினமும் காலையில் ரயிலை விட்டு இறங்கி, கணினியைத் திறந்து, அவர் பெயரைப் போடுவேன். சிவப்பு. மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவேன். சிவப்பு. பக்கத்து இருக்கைக்காரர், "அடிக்கடி பாத்தா அதுக்கும் ஸ்கோர் கொறையும் மேடம்" என்றார். அதுவும் உண்மைதான். அடிக்கடி விசாரிக்கப்படுகிறவர் கடனுக்கு அலைகிறவர் என்று அந்த இயந்திரம் முடிவு கட்டும். அவருக்காகக் கவலைப்பட்டே அவர் ஸ்கோரைக் குறைத்துவிடுவேன் என்று பயந்து பார்ப்பதை நிறுத்தினேன்.

மாசி முடிந்தது. அவர் வரவில்லை, நானும் போன் செய்யவில்லை. என்ன சொல்லிப் போன் செய்வது? பங்குனி பிறந்தது. மார்க்கெட் கமிட்டி வாசலில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள் சாலை வரைக்கும் நின்றன. பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எங்காவது நிற்கிறாரா என்று தேடினேன்.

பங்குனி நடுவில் ஒரு நாள் எங்கள் மேலாளர் தன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். பதிவு பிரிந்துவிட்டது. மேட்டுத் தெரு அம்மாவுக்கு எழுநூற்று எண்பதுக்கு மேல் ஸ்கோர், பச்சை. அதுமட்டுமில்லை. ஆபத்து குறைந்த வாடிக்கையாளர்கள் என்று தலைமை அலுவலகம் அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் வந்திருக்கிறது. அவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கடன் கொடுக்க வேண்டும், மாதக் கடைசிக்குள்.

"உங்க ஆளுதானே, வரச்சொல்லுங்க. மெஷின் போனா போகுது, மல்லாட்டை வாங்கக் கைமுதல்னு ரெண்டு லட்சம் போட்டுடலாம்" என்றார்.

வந்தார். கை முழுக்க மல்லாட்டைத் தூசு. மெஷின் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த நொடியே விளங்கிவிட்டது.

"பத்திரத்தை வெச்சிட்டீங்களா?"

"வேற இன்னா பண்றது மேடம்? மாசி கடைசி நாளு வரைக்கும் உங்க போனுக்குக் காத்துக்கினு இருந்தேன். சாயங்காலம் அவன் கடைக்கிப் போயி வெச்சிட்டேன். மாசம் பத்தாயிரம் வட்டி. ரெண்டு மாசம் வுட்டா வூட்ட எழுதிக் குடுன்னுவான். மெஷினு சம்பாரிக்கறத எல்லாம் அவனே துன்னுட்டுப் போறான்."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஒரு கடனும் கெடுக்காமல், வீடு பத்திரமாக, கையில் ஒரு லட்சத்தோடு வந்து நின்றபோது அந்த அம்மா சிவப்பு. வீட்டை அடமானம் வைத்து, ஐந்து வட்டியில் கழுத்து வரை மாட்டிக்கொண்ட பிறகு பச்சை. ஃபைனான்சுக்காரன் தன் கடனை எந்தக் கணினியிலும் பதிவதில்லை. நாங்கள் எந்த ஆபத்தை அளப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறோமோ அந்த ஆபத்தை அவருக்கு உண்டாக்கியதே நாங்கள்தான். அது மட்டும் எங்கள் கணக்கில் வராது.

படிவத்தை நிரப்ப ஆரம்பித்தேன். பெயர், விலாசம், தொழில். எட்டாவது கேள்வியை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அது விதி. "இந்த விண்ணப்பத்தில் சொல்லப்பட்டவை தவிர, தனியாரிடம் உட்பட வேறு கடன் ஏதாவது உண்டா?"

உண்டு என்று எழுதினால் நிறம் மாறிவிடும். மறுபடியும் விழுப்புரம், மறுபடியும் அந்த மரியாதையான அதிகாரி, மறுபடியும் காகிதங்கள். அதற்குள் வீடு போய்விடும். இல்லை என்று எழுதினால் இரண்டு நாளில் பணம் வரும், அவர் அந்த ஆளிடமிருந்து பத்திரத்தை மீட்டுவிடுவார், வங்கி வட்டியை அந்த மெஷின் சுலபமாகக் கட்டிவிடும். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். தெரிந்தே ஒரு பொய்யைப் படிவத்தில் எழுதியதில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உள்ளத சொல்லட்டுமா, லோன் கெடைக்கிற மாதிரி சொல்லட்டுமா?"

எட்டாவது கேள்விக்கு நேராக "இல்லை" என்று எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது. படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் எட்டாவது வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டார்.

"நான் கட்டிடுவேன் மேடம்" என்றார்.

எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று விழுப்புரத்தில் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.